தரகோனாவா, கார்த்தஹேனாவா?

ஸ்பெயினின் கிழக்குக் கடலோரத்தில் ரோமானியச் சின்னங்களைப் பார்க்க ஒரே ஒரு ஊருக்குத்தான் நேரம் என்றால், என் ஓட்டு தரகோனாவுக்கு. பார்சிலோனாவிலிருந்து சாதாரண ரயிலில் ஏறினால் சுமார் ஒரு மணி நேரம்தான். அதிவேக ரயில் வேண்டாம். அது நிற்கும் நிலையம் ஊரைவிட்டு வெகுதூரம் தள்ளி இருக்கிறது.

கி.பி. 2ஆம் நூற்றாண்டின் வட்டரங்கம் கடலைப் பார்த்தபடி நிற்கிறது. கி.பி. 259இல் கிறிஸ்தவ ஆயர் ஃபுருக்துவோசுஸை உயிரோடு எரித்தது இங்கேதான். பின்னாளில் அரங்கின் நடுவிலேயே தேவாலயம் எழுந்தது. அதன் மிச்சச் சுவர்களையும் பார்க்கலாம். அப்புறம், ஊருக்கு வடக்கே இரண்டடுக்கு வளைவுகளோடு 27 மீட்டர் உயர நீர்ப்பாலம். உச்சியில், தண்ணீர் ஓடிய வாய்க்காலுக்குள்ளேயே நடந்து போகலாம். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அதே கடலோரத்தில் வெகு தெற்கே இருக்கும் கார்த்தஹேனாவும் லேசுப்பட்டதல்ல. கி.மு. 227 வாக்கில் ரோமின் எதிரிகளான கார்த்தேஜியர் அமைத்த ஊர் அது; கி.மு. 209இல் ரோமானியத் தளபதி ஸ்கிப்பியோ அதைப் பிடித்தார். அங்குள்ள ரோமானிய நாடக அரங்கு 1988இல்தான் வெளிப்பட்டது, அதுவும் பழைய தேவாலயத்தின் அருகே மண்ணுக்கடியில்! கட்டடக் கலைஞர் ராஃபேல் மொனேயோ வடிவமைத்த அருங்காட்சியகத்துக்குள் நுழைந்து, சுரங்க வழியில் நடந்தால் திடீரென அரங்கு விரியும். அந்தக் கணத்துக்கு ஈடு தரகோனாவில் கிடையாது. ஆனால் அலிகாந்தே, முர்சியா பக்கம் ஏற்கெனவே போகிறவர்களுக்குத்தான் அது வசதி.