வாட்ஸ்அப் பிசினஸும் எங்கள் செக்கு எண்ணெயும்: ஆறு வருடப் பயன்பாட்டு அனுபவம்

அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் நானும் வீட்டுக்காரரும் மரச்செக்கு ஓட்டுகிறோம். கடலை, எள், கொப்பரை மூன்றும் அன்றாடம் ஆட்டுவோம். கார்த்திகைக்கு முன்னால் மட்டும், அதற்கென்று ஒதுக்கிய பழைய செக்கில் இலுப்பை. செக்கும் பருப்பும் அவர் பொறுப்பு, போன் என் பொறுப்பு. 2019 தீபாவளிக்கு முன்னால் கடை போனில், கடைக்காரர்களுக்கென்றே இருக்கும் வாட்ஸ்அப் பிசினஸ் செயலியை ஏற்றினேன். இன்றுவரை அதே எண், அதே செயலி. சிறுதொழில் செய்கிற பெண்கள் சிலர் "எப்படிக்கா உங்களுக்குத் திரும்பத் திரும்ப ஆள் வருது?" என்று கேட்கிறார்கள். போனில் அரைகுறையாகச் சொல்வதைவிட முழுதாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

எங்கள் எண்ணெய் யாருக்கு என்று அப்போது யாராவது கேட்டிருந்தால், "எல்லா வீட்டுக்கும்தான், எண்ணெய் ஊற்றாமல் யார் சமைக்கிறார்கள்?" என்றிருப்பேன். அந்த நினைப்போடுதான் 2020-இல் பேஸ்புக்கில் முதல் விளம்பரம் போட்டேன். தமிழ்நாடு முழுக்க, 18 வயது முதல் 65 வரை, ஆணும் பெண்ணும். செக்குப் படம் அழகாக இருந்ததால் லைக் குவிந்தது. "விலை?" என்று நூற்றுக்கணக்கில் கேட்டார்கள். விலையைச் சொன்னதும் பேச்சு நின்றுவிடும். கடைசியில் வாங்கியவர்கள் ஆறு பேர். அதில் நான்கு பேர் விருதுநகரும் மதுரையும்தான். செக்கு எங்கே இருக்கிறது என்று பார்க்க நேரில் வந்துவிட்டுப் போனார்கள். மற்ற இருவருக்கு பார்சல் செலவே எண்ணெய் விலையில் பாதி ஆனது. அந்த ஆறு பெயரையும் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான், ஆளைத் தேடுவதற்கு முன் வாங்கிய ஆள் யார் என்று பார்க்க வேண்டும் என்பது எனக்கு உறைத்தது.

அடுத்து நடந்ததை எழுத எனக்கு இன்றும் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுத வேண்டும். 5,000 மொபைல் எண்கள் கொண்ட பட்டியலை ஒருவர் விற்றார். மதுரையின் நல்ல வசதியான குடியிருப்புகளில் உள்ளவர்கள் என்று சொல்லிக் கொடுத்தார். வாங்கினேன். இரண்டு நாள் உட்கார்ந்து சில நூறு பேருக்கு அனுப்பினேன். மூன்றாம் நாள் ஒரு அம்மா கூப்பிட்டார். "யாருங்க நீங்க? என் நம்பரை உங்களுக்கு யார் குடுத்தது? எங்க வீட்ல துக்கம் நடந்து மூணு நாள்தான் ஆகுது. அழுதுட்டு இருக்கிற நேரத்துல எண்ணெய் ஆஃபர்னு வருது" என்றார். மன்னிப்புக் கேட்டேன். அவர் திட்டக்கூட இல்லை, போனை வைத்துவிட்டார். அன்றைக்கே அந்தப் பட்டியலை அழித்தேன்.

நம் எண்ணைச் சேமிக்காதவர்களுக்கு நிறைய அனுப்பி, அவர்கள் பிளாக் செய்து புகாரும் கொடுத்தால் கணக்கே முடங்கும் என்ற விதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். சம்மதம் இல்லாமல் ஒருவருடைய தகவலைப் பயன்படுத்தக் கூடாது என்று 2023-இல் நாட்டில் சட்டமும் வந்துவிட்டது. எனக்கு அந்த அம்மாவின் குரலே போதுமாக இருந்தது.

இனி செயலிக்கு வருகிறேன். புதிதாக வருகிறவர்கள் இதில் முதலில் குறையாகச் சொல்வது பிராட்காஸ்ட்டை, அதாவது ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் வசதியைப் பற்றித்தான். ஒரு பட்டியலில் 256 பேர்தான் சேர்க்கலாம். அந்த 256 பேரிலும் நம் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் செய்தி போய்ச் சேரும். எனக்கும் முதலில் இது பெரிய தடையாகத் தெரிந்தது. இப்போது இதைத்தான் இந்தச் செயலியின் சிறந்த அம்சம் என்பேன். எள்ளைப் புடைக்கும்போது சுளகு என்ன செய்கிறதோ அதை இந்த விதி எனக்குச் செய்கிறது. ஒரு கடையின் எண்ணை போனில் சேமிக்கும் அளவுக்கு ஒருவருக்கு அக்கறை இருக்கிறது என்றால், அவர்தான் நமக்கான ஆள். விளம்பரத்தில் லைக் போட்டவரையும் இவரையும் ஒரே கணக்கில் வைக்க முடியாது.

அதனால் சேமிக்க வைப்பதே என் முதல் வேலையாகிவிட்டது. ஒவ்வொரு கேனோடும் ஒரு துண்டுச் சீட்டு போகும்: "எள் ஆட்டும் நாளை முந்தின நாளே சொல்கிறோம். வேண்டுமென்றால் இந்த எண்ணைச் சேமித்துவிட்டு ‘எண்ணெய்’ என்று ஒரு வார்த்தை அனுப்புங்கள்." பக்கத்தில் கியூஆர் கோடு. ஸ்கேன் செய்தால் நேரே எங்கள் அரட்டைப் பக்கம் திறக்கும். தள்ளுபடி தருகிறேன் என்று அந்தச் சீட்டில் ஒருநாளும் போட்டதில்லை. தள்ளுபடிக்காகச் சேர்கிறவர் அடுத்த தள்ளுபடி எங்கே கிடைக்கிறதோ அங்கே போய்விடுவார். எள் ஆட்டும் நாளைத் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவருக்கு, வேண்டியது புது எண்ணெய்.

லேபிள் வசதியை, அதாவது ஒவ்வொரு அரட்டைக்கும் ஒரு பெயர் ஒட்டிப் பிரித்து வைப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் வியாபாரத்தை மாற்றியது அதுதான். செயலியை ஏற்றியதும் ‘புதிய வாடிக்கையாளர்’, ‘புதிய ஆர்டர்’, ‘பணம் பாக்கி’ என்ற மாதிரி சில லேபிள்கள் தயாராக இருக்கும். மொத்தம் 20 வரை வைத்துக்கொள்ளலாம். ஒரு வருடம் அப்படியேதான் வைத்திருந்தேன். ஒன்றாம் தேதி சம்பளம் வரும் என்று எல்லோருக்கும் ஒன்றாம் தேதியே செய்தி அனுப்புவேன்.

விருதுநகரில் இருந்து ஒரு ஆச்சி மாதாமாதம் கடலெண்ணெய் வாங்குவார். ஒருநாள் கூப்பிட்டு, "தாயி, எனக்கு எண்ணெய் இருபத்தஞ்சாம் தேதி வாக்குலதான் தீரும். நீ ஒண்ணாந்தேதி சொன்னா நான் அதை என்னத்துக்கு வச்சுப் பார்க்க? இருபத்தஞ்சாந்தேதி உன் நெனப்பே வர்றதில்ல, பேரன் கடையில வாங்கியாந்துர்றான்" என்றார்.

அன்றிரவே லேபிள்களை அழித்துவிட்டு மறுபடி எழுதினேன். ‘5’, ‘15’, ‘25’. அந்த வீட்டில் எண்ணெய் தீரும் தேதி, அவ்வளவுதான். நாலு பேர் உள்ள வீட்டில் இரண்டு லிட்டர் ஏறக்குறைய ஒரு மாதம் வரும், வாங்கிய தேதி நோட்டில் இருக்கிறது, கணக்குப் போடுவது சிரமமில்லை. தீருவதற்கு மூன்று நாள் முன்னால் அந்த லேபிளில் உள்ளவர்களுக்கு மட்டும் ஒரு வரி: "எண்ணெய் தீரும் நேரம் இருக்கும். சனிக்கிழமை மதுரை வண்டி வருது, வேண்டுமா?" வேறு எதுவும் சேர்க்க மாட்டேன். வருகிற பதிலில் பெரும்பாலும் "ரெண்டு" என்ற ஒற்றைச் சொல்தான் இருக்கும். அந்த ஒற்றைச் சொல்லைப் பார்க்கும்போது வருகிற சந்தோஷம், ஆயிரம் லைக் வந்த நாளில்கூட எனக்கு வந்ததில்லை.

தேதிக்கு அடுத்து, எதற்கு வாங்குகிறார்கள் என்று பிரித்தேன். இதில்தான் நான் எதிர்பார்க்காத மனிதர்கள் கிடைத்தார்கள். ‘ஆரோக்கியத்தில் அக்கறை உள்ள இளைஞர்கள்’தான் செக்கு எண்ணெய்க்கு ஆள் என்று எல்லோரும் சொல்வார்கள். எங்கள் பட்டியலில் அவர்கள் குறைவு. மாவடுவும் ஆவக்காயும் போடுகிறவர்கள் பங்குனி, சித்திரையில் நல்லெண்ணெயை டின் கணக்கில் கேட்கிறார்கள். சென்னையிலும் பெங்களூருவிலும் வேலை பார்க்கும் மகள்கள், ஊரில் இருக்கும் அம்மா வீட்டுக்கு வாங்கிக் கொடுக்கிறார்கள். பணம் கட்டுவது ஒருவர், எண்ணெயைப் பற்றிப் பேசுவது இன்னொருவர் என்பதால் அந்த வீடுகளுக்கு இரண்டு செய்தி அனுப்புகிறேன். கார்த்திகைக்கு இலுப்பெண்ணெய் கேட்பவர்கள் வருடத்துக்கு ஒரு தடவைதான் வருவார்கள், ஆனால் தவறாமல் வருவார்கள். பிண்ணாக்கு வாங்கும் மாட்டுக்காரர்களை எண்ணெய்ப் பட்டியலில் கலந்து வைத்திருந்தது என் பெரிய தவறு. அவர்களுக்கு வேண்டியது, இன்றைக்கு ஆட்டியது எத்தனை மூட்டை என்ற தகவல் மட்டும்தான். அதையும் எழுத்தில் போடாமல் குரல் பதிவாக அனுப்பினால்தான் கேட்கிறார்கள். தொழுவத்தில் நிற்கும்போது யாரால் படிக்க முடியும்?

ஆள் கிடைத்த பிறகு அவரோடு எப்படிப் பேச்சு வைத்துக்கொள்வது என்ற கேள்விக்கு வழி காட்டியது நுரை. செக்குக் கடலெண்ணெயில் பூரியோ வடையோ போட்டால் நுரை பொங்கும். ரீபைண்டு எண்ணெயில் பழகியவர்களுக்கு அது பயம். "கலப்படமா அக்கா?" என்று கேட்டுப் படம் அனுப்புவார்கள். முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு எங்கள் அடுப்பிலேயே அந்த எண்ணெயில் வடை போட்டு, நுரை எழும்புவதை 20 நொடி எடுத்து ஸ்டேட்டஸில் வைத்தேன். எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது எடுத்துவிடும் பசைப் பொருட்கள் இதில் அப்படியே இருப்பதால் நுரைக்கிறது, பாதி வாணலிக்கு மேல் ஊற்றாதீர்கள் என்று குரலில் சொன்னேன். அதைப் பார்த்துவிட்டு வந்த கேள்விகளே அடுத்த நான்கு மாதத்துக்கு எனக்குப் பேச விஷயம் தந்தன. அடியில் ஏன் மண்டி படிகிறது? நல்லெண்ணெய்க்குக் கருப்பட்டி ஏன்? எத்தனை நாள் வெயிலில் தெளிய வைக்க வேண்டும்? ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னப் பதிவு. காலை வணக்கப் பூப்படங்களை அதோடு நிறுத்திவிட்டேன்.

விலையைப் பற்றியும் ஒளிக்காமல் போட்டேன். ஒரு லிட்டர் கடலெண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரை கிலோ பருப்பு வேண்டும். பருப்பு கிலோ 130 ரூபாய் என்றால் பருப்புக்கே 325 ரூபாய். பிண்ணாக்கு விற்றால் அதில் கொஞ்சம் திரும்பி வரும். கூலி, கரண்ட், கேன் தனி. இந்தக் கணக்கைக் குயிக் ரிப்ளையில் சேமித்து வைத்திருக்கிறேன். அரட்டையில் ஒரு சாய்கோடு போட்டு ‘விலை’ என்று தட்டினால் முழுக் கணக்கும் வந்துவிடும். படித்துவிட்டு "எங்களுக்குக் கட்டாது அக்கா" என்று நேராகச் சொல்லிப் போகிறவர்கள் உண்டு. அவர்களைத் துரத்துவதில்லை. அவர்களில் சிலர் எண்ணெய்க் குளியலுக்கு மட்டும் கால் லிட்டர் வாங்க வருகிறார்கள்.

ஒன்றை மட்டும் நான் செய்ய மாட்டேன். "சர்க்கரை குறையும், இதயத்துக்கு மருந்து" என்று போட்டால் கூட்டம் வரும் என்று எத்தனையோ பேர் சொல்லிவிட்டார்கள். உணவுப் பொருளை நோய் தீர்க்கும் என்று சொல்லி விற்கச் சட்டமும் இடம் தரவில்லை, என் மனசும் இடம் தரவில்லை. செக்கில் ஆட்டினாலும் எண்ணெய் எண்ணெய்தான், அளவாகத்தான் ஊற்ற வேண்டும் என்று கேட்பவர்களிடம் சொல்லிவிடுவேன். கேன் மேல் ஒட்டும் எங்கள் லேபிளில் இருப்பது ஆட்டிய தேதி, எடை, விலை, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண்.

கேட்டலாக் (பொருளையும் விலையையும் காட்டும் பட்டியல்), வாழ்த்துச் செய்தி போன்றவை பற்றி அதிகம் சொல்ல எதுவும் இல்லை. கேட்டலாக்கில் விலையை உடனுக்குடன் மாற்றாவிட்டால் வம்பு. வாழ்த்துச் செய்தி, புதிதாக எழுதுகிறவருக்கும் 14 நாள் பேச்சில்லாமல் இருந்து திரும்ப எழுதுகிறவருக்கும் தானாகப் போகும். ஆறு வருடமாக வாங்கும் ஆச்சிக்கு "வணக்கம், எங்களைத் தொடர்பு கொண்டதற்கு நன்றி" என்று போனது எனக்குப் பிடிக்கவில்லை. முகவரிப் புத்தகத்தில் இல்லாதவர்களுக்கு மட்டும் என்று அமைப்பில் மாற்றிவிட்டேன்.

வாட்ஸ்அப் ஏற்கெனவே தெரிந்தவர்களோடு பேசத்தான். புது ஆட்களைப் பிடிக்க எங்களுக்கு உதவுவது, கூகுளில் தேடும்போது கடையைக் காட்டும் கூகுள் பிசினஸ் புரொபைல். 2021 நவம்பர் வரை அதற்கு கூகுள் மை பிசினஸ் என்று பெயர். நாங்கள் பதிவு செய்தபோது தபாலில் ஒரு அட்டை வந்தது, அதில் இருந்த எண்ணைக் கொடுத்துக் கடையை உறுதி செய்தோம். ‘பக்கத்தில் செக்கு எண்ணெய்’ என்று தேடுகிறவர், வாங்கும் எண்ணத்தோடு தேடுகிறார். அவருக்கு நாம் எதையும் புரிய வைக்க வேண்டியதில்லை. கடை திறந்திருக்கிறதா, வழி எது, படத்தில் செக்கு நிஜமாக இருக்கிறதா, இந்த மூன்றும் போதும். விமர்சனம் எழுதியவர் எல்லோருக்கும் தமிழில் பதில் எழுதுகிறேன்.

பேஸ்புக் விளம்பரத்தை முழுதாக விடவில்லை. வருடத்துக்கு இரண்டு முறை, ஊறுகாய்க் காலத்துக்கும் தீபாவளிக்கும் முன்னால் போடுகிறேன். வண்டி போகும் மதுரைப் பகுதிகளைச் சுற்றி சில கிலோமீட்டர் மட்டும், 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு மட்டும், அழுத்தினால் நேரே வாட்ஸ்அப்புக்கு வரும்படி. லைக் பத்துக்கூடத் தாண்டாது. போன தீபாவளிக்கு வந்தவர்களில் பாதிப் பேர் இப்போதும் ‘15’, ‘25’ லேபிள்களில் இருக்கிறார்கள்.

யாருக்கு இந்த முறை ஒத்துவரும் என்று கேட்டால், தீர்ந்து தீர்ந்து வாங்கும் பொருள் விற்பவர்களுக்கு: மசாலாப் பொடி, பால், அப்பளம், இட்லி மாவு. பட்டுச்சேலைக்கும் கட்டிலுக்கும் எண்ணெய் தீரும் தேதி மாதிரி ஒன்று கிடையாது, அவர்கள் வேறு வழிதான் தேட வேண்டும். பல ஆயிரம் வாடிக்கையாளர்கள் உள்ள நிறுவனங்களுக்கு, செய்திக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்டி, முன்கூட்டியே அனுமதி பெற்ற வாசகங்களை அனுப்பும் தனி ஏற்பாடு வாட்ஸ்அப்பிலேயே இருக்கிறது. எங்களுக்கு அது தேவைப்படவில்லை. மகள் தன் கணினியில் அதே கணக்கை இணைத்து வைத்திருக்கிறாள், நான் அடுப்படியில் இருந்தால் அவள் பதில் சொல்வாள்.

இன்றைக்குத் தேதி இருபத்திரண்டு. ‘25’ லேபிளுக்குச் செய்தி அனுப்பியாயிற்று. ஆச்சியிடமிருந்து மட்டும் இன்னும் "ரெண்டு" வரவில்லை. சாயங்காலம் கூப்பிட்டு, உடம்பு நன்றாக இருக்கிறாரா என்று கேட்க வேண்டும்.