ஃபெடரல் எச்எஸ்டி 124 கிரெயின்: கிளாக் 43எக்ஸ் இடுப்பில் ஏறும் முன்

கிளாக் 43எக்ஸ் போன்ற புது பிஸ்டலில் 200 எஃப்எம்ஜே (முழு உலோக உறையுள்ள உருண்டை முனைத் தோட்டா) சுட்டு ஒன்றுகூடச் சிக்கவில்லையென்றால் பாதிச் சோதனைதான் முடிந்திருக்கிறது. உருண்டை முனை எந்த ரேம்பிலும் (தோட்டாவைக் குழலுக்குள் ஏற்றிவிடும் சரிவு) வழுக்கி ஏறிவிடும். முனையில் குழியுள்ள ஹாலோ பாயிண்டின் அகன்ற வாய் அப்படியில்லை, விளிம்பு ரேம்பில் முட்டி நின்றுவிடலாம். அமெரிக்காவில் தற்காப்புக்கு 9 மி.மீ. எடுத்துச்செல்பவர்கள், எந்தத் தோட்டாவைப் போட்டு நடக்கப்போகிறார்களோ அதையேதான் சுட்டுப் பார்க்க வேண்டும். (இந்தியாவில் 9 x 19 சாதாரண உரிமத்தில் கிடைக்காத ரகம், அங்கே இந்தப் பேச்சு .32 ரகத்துக்குத்தான்.)

ஃபெடரல் நிறுவனத்தின் ஹாலோ பாயிண்ட் தோட்டாவான எச்எஸ்டி-யை முதல் தேர்வாகச் சொல்லக் காரணம் உண்டு. நிக்கல் பூசிய கேஸ் (தோட்டாவின் உலோகக் கூடு) சேம்பரில் (குழலில் தோட்டா உட்காரும் அறை) வழுக்கிக்கொண்டு போகும், வெளியே வரும்போதும் ஒட்டாது. முனையின் எடை 124 கிரெயின் என்பதால், அதே எடை எஃப்எம்ஜே-யில் பழகிய குறி பெரிதாக மாறாது. குறை என்றால், காரின் முன்கண்ணாடி போன்ற தடைகளைத் தாண்டும்போது ஈயத்தோடு உறை பிணைக்கப்பட்ட ஸ்பியர் கோல்டு டாட் இதைவிட உறுதியாக நிற்கும். போலீஸ்காரருக்கு அது பெரிய விஷயம், மற்றவர்களுக்கு அவ்வளவு இல்லை.

20 தோட்டாப் பெட்டியை எடுக்காமல், பி9எச்எஸ்டி1 எண்ணுள்ள 50 தோட்டாப் பெட்டியைத் தேடுங்கள். உள்ளே இருப்பது அதே 124 கிரெயின், தோட்டா ஒன்றுக்கு விலை பெரும்பாலும் குறைவு. பெட்டியில் போட்டிருக்கும் வினாடிக்கு 1150 அடி வேகம் 4 அங்குலக் குழலுக்கானது. 43எக்ஸ் குழல் 3.41 அங்குலம், வேகம் அதற்குக் கீழேதான் இருக்கும். அந்தக் குறையை ஈடுகட்ட +பி (அதிக அழுத்தத் தோட்டா) வாங்குவது சிறிய பிஸ்டலில் நல்ல யோசனையில்லை. அழுத்த வரம்பு 35,000 பிஎஸ்ஐ-யிலிருந்து 38,500-க்கு ஏறும், ஸ்லைடு (பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் நகரும் பாகம்) வேகமாகத் திரும்பும், மேகசின் ஸ்பிரிங் அடுத்த தோட்டாவை மேலே தள்ளுவதற்குள் ஸ்லைடு அதைத் தாண்டிவிடலாம்.

முதலில் 150, 200 எஃப்எம்ஜே. துடைக்காமல் அதே அழுக்கோடு 100 எச்எஸ்டி. மேகசின்களில் மார்க்கரால் எண் போடுங்கள், ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ சமமாக ஓடட்டும். 10 தோட்டா நிரப்பி, சேம்பரில் ஒன்று சேர்த்த நிலையில் குறைந்தது இரண்டு தடவை தொடங்குங்கள். ஸ்பிரிங் முழுக்க அழுந்தியிருக்கும் அந்த முதல் தோட்டாவிலும், அது தளர்ந்துபோன கடைசித் தோட்டாவிலும்தான் கோளாறு அதிகம் வரும். ஒரு மேகசினை வலது கையால் மட்டும், இன்னொன்றை இடது கையால் மட்டும் சுடுங்கள்.

சிக்கினால் உடனே ஸ்லைடை இழுத்துவிடாதீர்கள், குழலைத் திசைமாற்றாமல் எப்படி நிற்கிறது என்று பாருங்கள். காலி கேஸ் குழாய்போல நிமிர்ந்து மாட்டியிருந்தால் முதல் சந்தேகம் மணிக்கட்டுத் தளர்ச்சி. எடை குறைந்த பாலிமர் பிஸ்டலில் இது சகஜம். வேறொருவர் கையிலும் அதே கதையென்றால் காலி கேஸை இழுத்தெடுக்கும் எக்ஸ்ட்ராக்டரைப் பாருங்கள். முனை கீழே சாய்ந்து ரேம்பில் குத்தி நின்றால் மேகசினை மாற்றுங்கள். கோளாறும் கூடவே போனால் அந்த மேகசின் ரேஞ்சுக்கு மட்டும். கடைசித் தோட்டாவுக்குப் பின் ஸ்லைடு பூட்டவில்லையென்றால் பெரும்பாலும் உங்கள் கட்டைவிரல் ஸ்லைடு ஸ்டாப் மேல் கிடக்கிறது. 15 தோட்டா உலோக மேகசின் மாட்டினால் சோதனை முதலிலிருந்து.

காரணம் தெரியாத ஒரே ஒரு சிக்கலுக்கும் இன்னொரு 50 எச்எஸ்டி செலவழிக்கத்தான் வேண்டும். அதிலும் வந்தால் இந்தத் துப்பாக்கிக்கு இந்தத் தோட்டா வேண்டாம். ஹோர்னடி கிரிட்டிகல் டிஃபென்ஸை எடுத்துப் பாருங்கள், வாய்க்குழியைச் சிவப்பு பாலிமர் அடைத்திருப்பதால் ஏறுவது சுலபம்.

எடுத்துச்செல்லும்போது ஒரே தோட்டாவைத் தினமும் சேம்பரில் ஏற்றி இறக்காதீர்கள். ஒவ்வொரு முட்டலிலும் முனை கேஸுக்குள் கொஞ்சம் அமுங்கும், அழுத்தம் ஏறும். பெட்டியிலிருந்து எடுத்த புதுத் தோட்டாவின் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள், கண்ணுக்கே குட்டையாகத் தெரிந்தால் அதைச் சுடவும் வேண்டாம், ரேஞ்சில் பழுதுத் தோட்டாப் பெட்டியில் போட்டுவிடுங்கள்.