வலியோடு தூங்கப் பழகிய மூன்று வருடங்கள்

எனக்கு ஃபைப்ரோமயால்ஜியா என்று கண்டுபிடித்துச் சொல்லி நான்கு வருடம் ஆகிறது. அதற்கு முன் ஆறு வருடம் ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு பெயர் சொன்னார்கள். உடம்பு முழுக்க அடித்துப் போட்ட மாதிரி வலி. எட்டு மணி நேரம் படுத்துக் கிடந்தாலும், படுக்கும்போது இருந்ததைவிட எழும்போதுதான் அசதி அதிகமாக இருக்கும். கானாடுகாத்தானுக்குப் பக்கத்தில் ஒரு பழைய வளவு வீட்டின் ஒரு பகுதியில் குடியிருக்கிறோம். இந்த மூன்று வருடத்தில் தூக்கத்துக்காக நான் செய்தவற்றில் எது நிலைத்தது, எதை விட்டேன் என்று எழுதுகிறேன். நள்ளிரவு தாண்டியும் விழித்துக் கிடக்கிற யாருக்காவது பயன்படும்.

முதலில் ஒன்று சொல்லிவிட வேண்டும். இயற்கை முறை எதையும் தொடங்குமுன் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். படுத்தவுடன் எனக்குக் காலில் ஒரு குடைச்சல் தொடங்கும். ஆட்டிக்கொண்டே இருந்தால்தான் கொஞ்சம் அடங்கும். அதையும் வலி நோயின் கணக்கிலேயே எழுதிவிட்டிருந்தேன். மதுரையில் பார்த்த டாக்டர் ஹீமோகுளோபினோடு நிற்காமல், உடம்பில் இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பு இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொன்னார். 14 இருந்தது. கால் குடைச்சல் உள்ளவர்களுக்கு அது 75-க்குக் கீழே இருந்தாலே இரும்புச்சத்து கொடுப்பது வழக்கம் என்றார். மாத்திரையைக் காப்பியோடு சேர்க்காமல் எலுமிச்சைச் சாற்றோடு நான்கு மாதம் சாப்பிட்டேன். குடைச்சல் முக்கால்வாசி போய்விட்டது. தைராய்டு, பி12, குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருவது, இவற்றையும் பார்த்துவிட வேண்டும். இவை இருந்தால் ஜாதிக்காயும் வெந்நீரும் ஒன்றும் செய்யாது.

அந்த டாக்டர் சொன்ன இன்னொரு விஷயம் எனக்குப் பெரிய ஆறுதல். 1975-இல் டொராண்டோவில் ஹார்வி மோல்டோஃப்ஸ்கி என்பவரின் குழு, நல்ல ஆரோக்கியமான ஆட்களைத் தூங்கவிட்டு, ஆழ்ந்த தூக்கம் வரும்போதெல்லாம் சத்தம் எழுப்பிக் கலைத்துப் பார்த்தார்கள். சில நாளில் அவர்களுக்கும் தசைவலியும் அசதியும் வந்துவிட்டன. வலி தூக்கத்தைக் கெடுக்கிறது, கெட்ட தூக்கம் வலியைக் கூட்டுகிறது. நான் சோம்பேறி இல்லை என்று எனக்கே அன்றைக்குத்தான் நம்பிக்கை வந்தது.

சரி, படுக்கைக்கு வருகிறேன். மாடியில் பிற்பாடு கட்டிய கான்கிரீட் அறையில்தான் படுத்திருந்தோம். சித்திரை வைகாசியில் நள்ளிரவு வரை அந்தத் தளம் அனலைக் கக்கும். தூக்கம் வர உடம்பின் உள்சூடு கொஞ்சம் இறங்க வேண்டும். அங்கே அதற்கு வழியே இல்லை. ஒரு நாள் தாங்க முடியாமல் கீழே இறங்கி, முற்றத்தை ஒட்டிய வளவில் வெறும் ஆத்தங்குடிக் கல் தரையில் படுத்தேன். கன்னத்தில் அந்தக் குளிர்ச்சி பட்டதும் ஒரு மணி நேரத்தில் தூங்கிவிட்டேன். ஆனால் காலையில் இடுப்பும் தோள்பட்டையும் மரக்கட்டை மாதிரி இறுகி, சுவரைப் பிடித்துத்தான் எழுந்தேன். குளிர்ந்த கல்லில் நேராகப் படுப்பது எங்களைப் போன்றவர்களுக்கு ஆகாது.

அப்புறம் கண்டுபிடித்த ஏற்பாடு இதுதான்: அதே இடம், கீழே கோரைப்பாய், அதன் மேல் மூன்று அங்குல இலவம்பஞ்சு மெத்தை. ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை. இடுப்பெலும்பு அழுந்துவது அதோடு குறைந்தது. முற்றம் வழியாகச் சூடு மேலே போய்விடுவதால் கோடையிலும் பதினொரு மணிக்கு மேல் இதமாக இருக்கும். இலவம்பஞ்சில் ஒரு குறை உண்டு. நாளாக நாளாகக் கட்டிப்போகும். வாரம் ஒரு முறை வெயிலில் போட்டுத் தட்டினாலும், ஒன்றரை வருடத்தில் இடுப்புப் பக்கம் குழி விழுந்துவிட்டது. பஞ்சைப் பிரித்து அடித்து, கூட ஒரு கிலோ சேர்த்து மறுபடி தைக்கக் கொடுத்தேன். தரையிலிருந்து எழவே முடியாதவர்கள் இதே மெத்தையைத் தாழ்ந்த கட்டிலில் போட்டுக்கொள்ளலாம்.

வெந்நீர்க் குளியலை விடாமல் செய்கிறேன். பத்து மணிக்குப் படுக்கிறேன் என்றால் எட்டரை மணிக்குக் குளியல். படுக்கப் போகும் நேரத்தில் குளித்தபோது உடம்பு சூடாகவே இருந்து தூக்கம் தள்ளிப்போனது. ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால் குளித்தால் கை கால் தோலுக்கு ரத்தம் ஓடிவந்து, சூடு வெளியேறி, படுக்கும்போது உள்சூடு இறங்கியிருக்கும். தண்ணீரில் நொச்சி இலை போடுவது அத்தையின் பழக்கம். வலிக்கு இதமாக இருக்கிறது.

இனி, அதிகப் பலன் தந்தது. காலை 5:45-க்கு எழுவது. ராத்திரி இரண்டு மணி நேரம்தான் தூங்கினாலும் 5:45. எழுந்ததும் முற்றத்து வெளிச்சத்தில் இருபது நிமிடம் உட்காருவேன். முதல் மூன்று வாரம் முன்பைவிட மோசமாக இருந்தது. பகலெல்லாம் கண் எரிந்தது, அழுகை வந்தது. ஆறாவது வாரம்தான் பத்து பத்தரைக்குத் தானாகக் கண் சொருகத் தொடங்கியது. இந்த ஆறு வாரத்தைத் தாண்ட முடியாமல்தான் நான் முன்பு இரண்டு முறை விட்டிருக்கிறேன்.

பகலில் தூங்கவே கூடாது என்று எல்லோரும் சொல்வார்கள். தீராத சோர்வு உள்ளவர்களுக்கு அந்த விதி அப்படியே பொருந்தாது. சாப்பிட்ட பின் இரண்டு மணிக்குள் அரை மணி நேரம், அலாரம் வைத்துப் படுக்கிறேன். அதை வெட்டிய மாதத்தில் ராத்திரித் தூக்கம் கூடவில்லை, வலிதான் கூடியது.

ராத்திரி விழித்துவிட்டால் புரண்டுகொண்டே கிடக்காமல் எழுந்துவிட வேண்டும் என்பதும் தூக்கமின்மைக்கான சிகிச்சையில் ஒரு பகுதி. இருபது நிமிடத்துக்கு மேல் போனதாகத் தோன்றினால் எழுந்து, ஜீரோ வாட் வெளிச்சத்தில் கொட்டான் (ஓலைக் கூடை) முடைவேன். நனைத்து வைத்த பனை ஓலை விரலுக்கு மெத்தென்று இருக்கும். சிவப்பு ஓலையை எடு, வெள்ளைக்கு அடியில் கொடு, இழு. இரண்டு வரி முடிவதற்குள் நடுச்சாம ராமேஸ்வரம் ரயிலின் சத்தம் தூரத்தில் கேட்டு அடங்கும். மூன்றாவது வரியில் கண் இறங்கும். விரல் வலிக்கிற நாளில் சும்மா உட்கார்ந்திருப்பேன். போனை மட்டும் தொடுவதில்லை.

சாயங்காலக் காப்பியை விட்டதுதான் மனதுக்குக் கஷ்டம். காஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ஐந்து மணிக்குக் குடித்தால் பத்து மணிக்கும் பாதி உள்ளே நிற்கும். இப்போது காலையில் ஒன்று, பதினொரு மணிக்கு ஒன்று, சாயங்காலம் சுக்குமல்லி.

ஜாதிக்காய்ப் பால்: ஒரு சிட்டிகைக்கு மேல் போடாதீர்கள், அதிகமானால் நஞ்சு. எனக்கு முதல் பத்து நாள் உதவிய மாதிரி இருந்தது, பிறகு வித்தியாசம் தெரியவில்லை. அமுக்கராவை (அஸ்வகந்தா) டாக்டரிடம் கேட்டுவிட்டு விட்டுவிட்டேன். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன், அதோடு அது ஒத்துப்போகாமல் போகலாம். கல்லீரலையும் சிலருக்குப் பாதிக்கிறது. டாக்டர் கொடுத்த ராத்திரி மாத்திரையை நானாக நிறுத்தவில்லை. ஒன்றரை வருடம் கழித்து அவர்தான் பாதியாகக் குறைத்தார்.

போன வருடம் பங்குனியில், காரைக்குடி முத்துமாரியம்மன் கோயிலுக்குப் பால்குடம் எடுத்தேன். பத்து வருடமாக எடுக்காத ஏக்கம். அன்றைக்கும் மறுநாள் காலையும் நன்றாகவே இருந்தேன். மறுநாள் சாயங்காலம் உடம்பு விழுந்தது. ஒன்பது நாள் எழவில்லை, தூக்கமும் வரவில்லை. களைத்த உடம்பு தூங்கும் என்று நினைப்போம், எங்களுக்கு அளவு மீறிக் களைத்தால் தூக்கமே ஓடிவிடுகிறது. அப்போது அத்தை பக்கத்தில் உட்கார்ந்து சொன்னது:

"ஏத்தா, முடியலைன்னு ஆகுறதுக்கு முன்னாடியே உக்காரு. ஆனப்பறம் உக்காந்தா எந்திரிக்க நாளாகும்."

அன்றிலிருந்து தெம்பையும் பற்று வரவாக நோட்டில் எழுதுகிறேன். துணி துவைக்கிற நாளில் கடைக்குப் போவதில்லை. இருபது நிமிட வேலைக்கு ஐந்து நிமிட உட்காரல், வலித்தாலும் வலிக்காவிட்டாலும். ஊருணியை ஒரு சுற்று நடக்கிறேன், அவ்வளவுதான். ஃபைப்ரோமயால்ஜியாவுக்கு மெதுவான நடை நல்லது என்றுதான் டாக்டர்கள் சொல்கிறார்கள். ஆனால் உழைத்த பிறகு ஓரிரு நாள் கழித்து விழுகிற சோர்வு நோய் (ME/CFS என்பார்கள்) வேறு. அதற்குப் படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டும் முறையை பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் (NICE) அமைப்பு 2021-இல் தன் பரிந்துரையிலிருந்தே எடுத்துவிட்டது. உங்களுக்கு எது என்று தெரிந்துகொண்டு நடங்கள்.

நோட்டுக் கணக்குப்படி, தொடக்கத்தில் ராத்திரிக்கு நாலரை மணி நேரம், ஐந்தாறு முறை விழிப்பு. இப்போது ஆறு மணி நேரம், இரண்டு முறை விழிப்பு. வலி போகவில்லை. காலையில் கை விரல் மடங்க இரண்டு மணி நேரம் ஆனது, இப்போது முக்கால் மணி நேரம். கார்த்திகை மார்கழியில் எல்லாம் கொஞ்சம் பின்னால் போகும். அந்த இரண்டு மாதமும் பாய்க்கு அடியில் ஒரு பழைய ஜமுக்காளம் கூடுதலாக விரிக்கிறேன், குளியலைக் கால் மணி நேரம் முன்னால் வைத்துக்கொள்கிறேன். இந்தப் பங்குனிக்குப் பால்குடம் எடுக்கவில்லை. அத்தை எடுத்துப் போனார், நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கும்பிட்டேன். அன்று ராத்திரி ஆறரை மணி நேரம் தூங்கியதாக நோட்டில் இருக்கிறது.