ஸ்கிரைபஸ்: பொதியா, ஆப்இமேஜா, மூலநிரலா?

மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அச்சுக்குப் பக்கம் அமைப்பவர்களில் பலர் இன்றும் பேஜ்மேக்கரையும், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்த பாமினி எழுத்துருவையும் விடவில்லை. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது. கும்பாபிஷேக மலரோ பாடசாலை ஆண்டு மலரோ, இப்படி அமைத்த பிடிஎஃப்பில் ஒரு பெயரைத் தேடினால் அகப்படாது. ஒரு பத்தியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகள் வரிசையாக வந்து விழும். ஓர் ஊரின் வரலாற்றைத் திரட்டி எழுதிய மலர் தேடவே முடியாத கோப்பாக முடங்குவது எனக்குப் பெரிய இழப்பாகத் தெரிகிறது. அதனால்தான் யுனிகோடில், செலவின்றிப் பக்கம் அமைக்க ஸ்கிரைபஸ் என்ற கட்டற்ற மென்பொருளை எல்லோருக்கும் பரிந்துரைக்கிறேன். அதை லினக்ஸ் கணினியில் எந்த வழியில் கொண்டுவருவது என்பதுதான் அடுத்து வரும் கேள்வி.

பதிப்பு எதுவாக இருந்தால் என்ன என்று கேட்கக் கூடாது. 2012இல் வந்த 1.4 வரிசைக்கு யுனிகோட் தமிழ் சரிவராது. ‘கெ’ என்று தட்டினால் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். 2017இல் வெளியான 1.5.3இல்தான் இது தீர்ந்தது. ஓமானைச் சேர்ந்த கட்டற்ற மென்பொருள் குழு ஒன்று அரபிக்காகச் செய்த வேலையால் தமிழும் பயன் பெற்றது. எழுத்துகளை உரிய இடத்தில் அடுக்கும் பொறுப்பு அந்தப் பதிப்பிலிருந்து ஹார்ஃபபஸ் என்ற லைப்ரரியிடம் (பல மென்பொருள்கள் பகிர்ந்து பயன்படுத்தும் நிரல் தொகுப்பு) போனது. ஆனால் 1.5 என்பது சோதனை வரிசை. நிலையான பதிப்பாக 1.6 வந்து சேர்ந்தது 2024 ஜனவரியில். ஆகவே 1.6க்குக் கீழே இறங்க வேண்டாம் என்பது என் முதல் நிபந்தனை.

இந்த நிபந்தனையோடு பார்த்தால், இயங்குதளமே மென்பொருள்களைச் சேர்த்து வைத்திருக்கும் களஞ்சியத்திலிருந்து, தயாரான பொதியாக எடுத்து நிறுவும் வழி சிலருக்குப் பொருந்தும், சிலருக்குப் பொருந்தாது. லினக்ஸ் வகைகளில் உபுண்டு 24.04 வைத்திருப்பவருக்கு 1.6 வரிசை களஞ்சியத்திலேயே கிடைக்கும். அவர் ஒரு கட்டளையில் வேலையை முடித்துக்கொள்ளலாம், இதற்கு மேல் வாசிக்க வேண்டிய தேவையும் இல்லை. டெபியன் 12 வெளியானது 2023 ஜூனில், அதாவது 1.6 பிறப்பதற்கு முன். அதை வைத்திருப்பவருக்குக் களஞ்சியம் 1.5ஐத்தான் தரும்.

ஆப்இமேஜ் ஒற்றைக் கோப்பு. பதிவிறக்கி, இயங்கும் அனுமதி கொடுத்து, சொடுக்கினால் திறந்துவிடும். அதற்குத் தேவையான லைப்ரரிகள் உள்ளேயே இருக்கின்றன. களுவாஞ்சிக்குடியில் ஒருவர் பதிவிறக்கியதைப் பென்டிரைவில் போட்டு அக்கரைப்பற்றில் இன்னொருவரிடம் கொடுக்கலாம். இணையச் செலவைப் பார்த்துப் பார்த்து வாழும் நம் பகுதிக்கு இது சின்ன வசதியில்லை. ஒரே ஒரு தடை: இது இயங்க ஃபியூஸ் 2 லைப்ரரி வேண்டும், உபுண்டு 22.04 முதல் அது கூடவே வருவதில்லை. தனியாக நிறுவிக்கொள்ள வேண்டும். பிளாட்பாக் என்ற இன்னொரு நிறுவும் முறையும் இதே பலனைத்தான் தருகிறது. ஆனால் முதல் தடவை அடித்தளப் பொதிகள் எல்லாவற்றையும் இறக்க வேண்டியிருப்பதால் டேட்டாவைத் தின்றுவிடும். நான் அதைத் தேர்வதில்லை.

ஆப்இமேஜின் குறை, உள்ளே அடைத்த லைப்ரரிகள் அடைத்த நாளிலேயே நின்றுவிடுகின்றன என்பது. ஹார்ஃபபஸில் ஒரு தமிழ்ப் பிழை திருத்தப்பட்டாலும், அடுத்த ஆப்இமேஜ் கட்டப்படும் வரை அது நமக்கு வந்து சேராது. மலர் அமைப்பவருக்கு இது பெரும்பாலும் பொருட்டில்லை. பிழையைத் தேடிக் கண்டுபிடித்துச் சொல்ல நினைப்பவருக்கு இது பெரிய தடை. வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் கணினி படிக்கும் பிள்ளைகள் இந்த இரண்டாவது வகையில் சேர வேண்டும் என்பது என் ஆசை. எனவே மூலநிரல் பக்கம் போவோம்.

மூலநிரலில் இருந்து, அதாவது மென்பொருளை எழுதிய நிரல் வரிகளிலிருந்து, நாமே கட்டுவதை ஒரே வழியாகப் பேசுவதுதான் குழப்பத்தின் ஆரம்பம். அதில் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஸ்கிரைபஸை மட்டும் கம்பைல் செய்து (இயங்கும் வடிவுக்கு மாற்றி), லைப்ரரிகளைக் களஞ்சியத்திலிருந்து எடுத்துக்கொள்வது ஒன்று. லைப்ரரிகளையும் சேர்த்துக் கம்பைல் செய்வது மற்றது. முதலாவதை அஞ்சாமல் செய்யலாம் என்பேன். இரண்டாவதைத் தொடங்குபவரைத் தடுத்து நிறுத்துவேன்.

முதலாவதில் நிறைய வேலை ஏற்கெனவே முடிந்திருக்கிறது. ஒரு பொதியைக் கட்டத் தேவையான எல்லாவற்றையும் மொத்தமாக நிறுவும் கட்டளை டெபியனிலும் உபுண்டுவிலும் உண்டு. மூலப்பொதிக் களஞ்சியத்தை இயக்கிவிட்டால் போதும். டெபியன் 12 தரும் பட்டியல் 1.5க்கானது என்றாலும், 1.6உம் சாளரங்களையும் பொத்தான்களையும் தரும் கியூட் லைப்ரரியின் 5ஆம் பதிப்பையே நம்பியிருப்பதால் ஏறக்குறைய முழுதும் பொருந்தும். 1.7 வரிசை கியூட் 6க்கு மாறிவிட்டது, அதற்கு வேறு பட்டியல்.

பிறகு சிமேக், அதாவது தேவையான லைப்ரரிகள் கணினியில் உள்ளனவா என்று பார்த்துக் கட்டும் வேலையைத் தயார்செய்யும் கருவி. அது ஓடும்போது திரையில் ஓடும் வரிகளை நிதானமாக வாசிக்க வேண்டும். கட்டாயமில்லாத லைப்ரரி ஒன்று கிடைக்காவிட்டால் சிமேக் நிற்காது. ஒரு வரியில் சொல்லிவிட்டு, அந்த வசதியை விட்டுவிட்டு மேலே போகும். பிடிஎஃப்பைக் கையாளும் போடோஃபோ என்ற லைப்ரரி இல்லாமல் கட்டிய ஸ்கிரைபஸ் எந்தக் குறையும் தெரியாமல் திறக்கும். ஆனால் மலருக்கு விளம்பரதாரர் அனுப்பிய பிடிஎஃப்பைப் படச்சட்டத்தில் வைத்து ஏற்றுமதி செய்தால், அதை அப்படியே பதிக்காமல் படமாக மாற்றித்தான் வைக்கும். விளம்பரத்தின் பொடி எழுத்துகள் அச்சில் மங்குவதற்கு இது போதும். களஞ்சியப் பொதியைக் கட்டுபவர் இதையெல்லாம் நமக்காகப் பார்த்திருப்பார். நாமே கட்டும்போது அந்தப் பொறுப்பு நம்முடையது.

பிடிஎஃப்பை வாசிக்கும் லைப்ரரியான பாப்ளர் இன்னொரு வகைத் தலைவலி. பிடிஎஃப்பைப் பிரித்துத் திருத்தக்கூடிய வடிவில் கொண்டுவர ஸ்கிரைபஸ் பாப்ளரின் உட்பகுதி நிரல்களை நேரடியாகத் தொடுகிறது. அந்த உட்பகுதி பதிப்புக்குப் பதிப்பு மாறும். ஸ்கிரைபஸை விடப் புதிய பாப்ளர் இருக்கும் கணினியில் கம்பைல் பாதியில் நின்றால், நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். டெபியன் போல மெதுவாக நகரும் தளத்தில் பாப்ளர் பழையதாக இருப்பதால் இந்தத் தொல்லை பெரிதாக வராது. பழைய லைப்ரரிகள் என்று நாம் குறைசொல்வது இங்கே நமக்கு உதவுகிறது.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான்கு கிகாபைட் நினைவகம் உள்ள கணினியில் ஒரே சமயத்தில் இரண்டு கம்பைல் பணிகளுக்கு மேல் ஓடவிடாதீர்கள். அதிகமாக ஓடவிட்டால் நினைவகம் நிரம்பி வட்டுக்கும் நினைவகத்துக்கும் இடையே இழுபறியாகி, வேகம் கூடுவதற்குப் பதில் குறையும். வாடைக்காற்று மாதங்களில் மின்சாரம் போனால் எல்லாம் வீண் என்று பயப்படவும் தேவையில்லை. கம்பைல் பணிகளை ஓட்டும் மேக் கருவி கோப்புகளின் நேரத்தைப் பார்த்து, விட்ட இடத்திலிருந்து தொடரும். மின்சாரம் போன கணத்தில் எழுதிக்கொண்டிருந்த கோப்பு மட்டும் அரைகுறையாக இருக்கலாம். கடைசி இணைப்புக் கட்டத்தில் ஒரு கோப்பை வாசிக்க முடியவில்லை என்று பிழை வந்தால் அதை அழித்துவிட்டு மீண்டும் ஓட்டினால் சரி.

இனி எல்லாவற்றையும் கட்டும் வழி. கியூட் 5.15இன் முழு மூலத்தொகுதி சுருக்கிய நிலையிலேயே 500 மெகாபைட்டைத் தாண்டும். எழுத்துருவை வாசித்து உருவம் வரையும் ஃப்ரீடைப்புக்கும் ஹார்ஃபபஸுக்கும் ஒன்றுக்கு மற்றது வேண்டும். அதனால் ஃப்ரீடைப்பை ஹார்ஃபபஸ் இல்லாமல் ஒரு முறை கட்டி, ஹார்ஃபபஸைக் கட்டி, மறுபடி ஃப்ரீடைப்பைக் கட்ட வேண்டும். இத்தனையும் முடித்த பிறகு கையில் கிடைப்பது, முதல் வழியில் கிடைத்த அதே ஸ்கிரைபஸ். களஞ்சிய லைப்ரரிகளுக்கு வரும் பாதுகாப்புத் திருத்தங்கள் இதற்கு வருவதில்லை. இதைவிட மோசமானது, கட்டிய லைப்ரரிகளைக் கணினி முழுவதற்கும் பொதுவான உள்ளூர்க் கோப்புறையில் நிறுவுவது. உபுண்டுவும் டெபியனும் லைப்ரரிகளை அங்கேதான் முதலில் தேடும். ஸ்கிரைபஸுக்காகக் கட்டிய ஹார்ஃபபஸை அந்தக் கணினியின் மற்ற மென்பொருள்களும் எடுத்துக்கொள்ளும்.

தமிழ் எழுத்து அடுக்கில் உண்மையாகவே பிழை தெரிந்தால்கூட இவ்வளவு தூரம் போக வேண்டாம். ஹார்ஃபபஸின் வெளி இடைமுகம் பல ஆண்டுகளாக நிலையாக இருக்கிறது. புதிய ஹார்ஃபபஸை மட்டும் மெசன் கருவியால் சொந்தக் கோப்புறை ஒன்றில் கட்டி, ஸ்கிரைபஸைத் திறக்கும் நேரத்தில் மட்டும் லைப்ரரித் தேடல் பாதையை அங்கே திருப்பினால் போதும். ஸ்கிரைபஸை மறுபடி கம்பைல் செய்யத் தேவையில்லை. (பாப்ளரிடம் இது நடக்காது. அதை மாற்றினால் ஸ்கிரைபஸையும் திரும்பக் கட்டியாக வேண்டும்.) ஹார்ஃபபஸோடு வரும் சிறு சோதனைக் கருவி, ஒரு சொல்லையும் எழுத்துருவையும் கொடுத்தால் எந்த உருவங்களை எந்த வரிசையில் அடுக்குகிறது என்று காட்டும். அங்கே ‘கொ’ சரியாக வந்து ஸ்கிரைபஸில் தவறினால் ஸ்கிரைபஸைப் பாருங்கள். அங்கேயே தவறினால், ஹார்ஃபபஸுக்கு முன் எழுத்துருவைச் சந்தேகப்படுங்கள். ஆண்ட்ராய்டு, குரோம், ஃபயர்பாக்ஸ் எல்லாவற்றிலும் நம் தமிழை அடுக்குவது அதே ஹார்ஃபபஸ்தான். இலவசமாகக் கிடைக்கும் எழுத்துருக்கள் அந்த அளவுக்குச் சோதிக்கப்பட்டவை அல்ல.

நான் அச்சகத்துக்குச் சொல்வது ஆப்இமேஜ். எல்லாக் கணினியிலும் ஒரே பதிப்பு, ஒரே கோப்பு. எனக்கு வைத்துக்கொள்வது, களஞ்சிய லைப்ரரிகளோடு என் வீட்டுக் கோப்புறையில் நானே கட்டிய ஸ்கிரைபஸ். இரண்டையும் கலக்காமல் பார்த்துக்கொள்வது முக்கியம். ஸ்கிரைபஸின் புதிய வரிசையில் சேமித்த கோப்பைப் பழைய வரிசை திறக்காது. அச்சகம் 1.6இல் இருக்கும்போது மலரின் கோப்பை 1.7இல் திறந்து பார்க்க வேண்டியிருந்தால், முதலில் நகல் எடுத்து அந்த நகலை மட்டும் திறவுங்கள்.