வழவழப்பான கம்பியா, வரிக் கம்பியா?

கோத்தகிரிச் சரிவுகளில் தடுப்புச்சுவர் எழுப்புவோர் சிலர், பழைய வீட்டை இடித்தபோது கிடைத்த வழவழப்பான கம்பியே போதுமா என்று கேட்கிறார்கள்.

பிடிப்பு: வழவழப்பான கம்பி ஒட்டுதலையும் உராய்வையுமே நம்பியிருப்பதால், சுமையில் ஒருமுறை நழுவினால் பிடி பெரிதும் தளர்ந்துவிடும், வரிக் கம்பியிலோ மேற்பரப்பிலுள்ள மேடுகள் கான்கிரீட்டைக் கவ்விக்கொள்வதால், கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456 அதற்கு, வழவழப்பானதைவிட 60 விழுக்காடு கூடுதல் பிணைப்புத் தகைவை (கம்பிப் பரப்பின் ஓரலகு தாங்கும் பிடிப்பு விசையை) அனுமதிக்கிறது. ஆயினும் அதே மேடுகள் கான்கிரீட்டைப் பக்கவாட்டில் பிளக்கவும் முயலும். ஆகவே கம்பிக்கு வெளியே உள்ள கான்கிரீட் கனத்தில் கஞ்சத்தனம் ஆகாது. எம்20 என்னும் வலிமைத் தரக் கான்கிரீட்டில், எஃப்.இ. 500 என்னும் எஃகுத் தரத்தில் செய்த 12 மி.மீ. விட்டமுள்ள வரிக் கம்பி ஏறத்தாழ 680 மி.மீ. ஆழம் புதைந்திருக்க வேண்டும்.

துரு: மலைப்பனியில் இரண்டுமே துருப்பிடிக்கும், உதிரும் துருவை மட்டும் தேய்த்தெடுத்தால் போதும்.

வளைப்பு: இதில் வழவழப்பானதே எளிது.

தடுப்புச்சுவருக்கு வரிக் கம்பிதான் என்பது என் முடிவு. கான்கிரீட் சாலையின் விரிவு மூட்டுகளில், நழுவுவதே தேவையாகும் இடத்தில், வழவழப்பான கம்பி பொருந்தும்.