ஜெட் வால்வில் பீசோ ஸ்டாக்: நீண்டநாள் ஓட்டத்தில் தெரிந்தவை

மலேசியாவின் பினாங்கு பாயான் லெப்பாஸ் சிப் ஆலைகளில் பசை சொட்டும் ஜெட் வால்வுகளுக்கு வாங்கப்படும் 5×5×18 மி.மீ. பிஇசட்டி ஸ்டாக் பற்றியது இது. பிஇசட்டி என்பது வோல்ட் கொடுத்தால் நீளும் பீசோ பீங்கான், அதன் மெல்லிய அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தது ஸ்டாக். பட்டியலில் போட்டிருக்கும் 18 மைக்ரான் நகர்வு, சுமையே இல்லாத ஸ்டாக்குக்கு உரியது. வால்வுக்குள் அது அப்படியே கிடைக்காது.

இந்தப் பீங்கான் அமுக்கினால் தாங்கும், இழுத்தால் பிளக்கும். அதனால் முன்சுமை, அதாவது ஸ்பிரிங்கால் எப்போதும் அமுக்கிப் பிடித்திருக்கும் விசை, கட்டாயம். 15 மெகாபாஸ்கல் போதும். 25 சதுர மி.மீ. முகத்துக்கு 375 நியூட்டன். ஸ்பிரிங் மட்டும் மென்மையாக இருக்கட்டும். ஸ்டாக்கின் விறைப்பு மைக்ரானுக்கு 50 நியூட்டன், ஸ்பிரிங்குடையது 5 என்றால் நகர்வில் பதினொன்றில் ஒரு பங்குதான் போகும். ஸ்பிரிங்கும் 50 என்றால் பாதி காலி.

மென்வகை (டொமைன்கள் எளிதில் திரும்பும்) பிஇசட்டியில் மிதமான சுமை நகர்வைக் கூட்டவும் செய்யும். சுமை சில டொமைன்களை (பீங்கானுக்குள் ஒரே மின்திசை கொண்ட நுண்பகுதிகளை) 90 டிகிரி சாய்த்துப் படுக்க வைக்கிறது. வோல்ட் ஏறும்போது அவை நிமிர்வதால் நீட்சி கூடுகிறது. கூடவே ஹிஸ்டரிசிஸும் (வோல்ட் ஏறும்போதும் இறங்கும்போதும் நகர்வு ஒன்றாக இல்லாமல் போவது) சூடும் ஏறும், இலவசமாக எதுவும் வராது. சுமை எல்லை மீறினால் மின்புலத்தால் அவற்றை நிமிர்த்த முடியாது, நகர்வு சுருங்கிவிடும். மின்சாரம் இல்லாத நேரத்தில் அமுக்குவது இன்னும் மோசம், டொமைன்களை ஒரே திசையில் வரிசைப்படுத்தி வைத்திருக்கும் துருவமாக்கலே கரைந்துபோகும். கசிவை நிறுத்துகிறேன் என்று வால்வு ஸ்க்ரூவை முறுக்கினால் நேராக இந்தக் கேட்டில்தான் போய் நிற்கும்.

விரிசல் பெரும்பாலும் வோல்ட்டை வெட்டும் நொடியில் விழுகிறது. அதிர்வுக் காலத்தின் (ஸ்டாக் தன் இயல்பில் ஒருமுறை அதிர எடுக்கும் நேரத்தின்) மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் இறக்கினால், ஸ்டாக் சுருங்கும் வேகத்துக்கு அதோடு சேர்ந்து நகரும் பாகம் ஈடுகொடுக்காது. உள்ளே இழுவிசை பிறக்கும். கோணலாக உட்கார்ந்தாலும் வளைவு விசைதான், முனையில் அரைக்கோளத் தொப்பி வைத்தால் தப்பலாம்.

பினாங்கு ஈரப்பதம் தனித் தொல்லை. வோல்ட்டை இடைவிடாமல் பிடித்து வைத்தால் மின்முனையின் வெள்ளி ஈரத்தில் நகர்ந்து கசிவு மின்னோட்டம் ஏறும். வேலை இல்லாதபோது 0 வோல்ட்டுக்கு இறக்குங்கள். வார இறுதியில் ஏர்கானை அணைக்கும் ஆலைகளுக்கு எப்பாக்சி பூசியதைவிடப் பீங்கான் உறையிட்டதே சரி.

நகர்வு குறைந்தால் ஸ்டாக்கை மாற்றுவதற்கு முன் அதன் மின்கொள்ளளவை அளந்து குறித்துக்கொண்டு, முன்சுமையைச் சரிசெய்து, நேர்திசையில் முழு வோல்ட்டில் சில நிமிடம் ஓட்டிப் பாருங்கள். துருவமாக்கல் போயிருந்தால் நகர்வு மீளும். மீளாமல், கொள்ளளவும் புதிதாக இருந்தபோது அளந்ததைவிட வெகுவாக இறங்கியிருந்தால், விரிசல் மின்முனையை அறுத்திருக்கும். அதைத் தூக்கிப் போடலாம்.