1972 டாட்ஜ் டார்ட், எடெல்பிராக் கார்புரேட்டர், கிக்டவுன் கம்பி: ஐந்து வருஷ அனுபவம்

என் வண்டி 1972 டாட்ஜ் டார்ட். 318 வி8 இன்ஜின், டார்க்ஃப்ளைட் ஏ904 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். வண்டியின் சேஸி எண்ணில் (விஐஎன்) ஏழாவது எழுத்து 'பி'. டெட்ராய்ட்டை ஒட்டிய ஹாம்ட்ராம்க்கில் 1980 வரை இருந்த டாட்ஜ் மெயின் ஆலையில் செய்த வண்டி என்று அர்த்தம். நான் குடியிருப்பதும் மிச்சிகனில், அங்கிருந்து அரை மணி நேரத் தூரம்.

ஐந்து வருஷத்துக்கு முன் பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் பழைய கார்ட்டர் கார்புரேட்டரை (டூ பேரல், அதாவது இரண்டு காற்று வழி) கழற்றிவிட்டு, நான்கு பேரலுக்கான மேனிஃபோல்டும் (கார்புரேட்டர் உட்காரும் காற்றுக் குழாய்த் தொகுதி) எடெல்பிராக் 1406 கார்புரேட்டரும் போட்டேன். 600 சிஎஃப்எம் (நிமிஷத்துக்கு 600 கன அடி காற்று), எலெக்ட்ரிக் சோக் (இன்ஜின் குளிராக இருக்கும்போது காற்றைக் குறைக்கும் மூடி). கார்புரேட்டரைப் பற்றி எனக்குக் குறையே இல்லை. பெட்ரோல் குழாயும் சோக் வயரும் ஒரு மதியத்தில் முடிந்துவிட்டன. என்னைப் பல மாதம் அலைய விட்டது, மிதித்தால் கார்புரேட்டருக்குள் காற்றைத் திறந்துவிடும் த்ராட்டிலிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் ஒற்றைக் கம்பி, அந்தக் கிக்டவுன் கம்பி.

கிக்டவுன் என்ற பெயரே ஆளைத் தவறான வழியில் கொண்டுபோகிறது. முழுசாக மிதிக்கும்போது ஒரு கியர் இறங்க உதவும் கம்பி, அவ்வளவுதான் என்று தோன்றும். ஜிஎம்மின் டிஎச்350 கியர்பாக்ஸில் அது ஏறக்குறைய உண்மை. அங்கே ஆயில் பிரஷரை இன்ஜின் வேக்குவத்தில் (உறிஞ்சு விசையில்) இயங்கும் மாடுலேட்டர் என்ற பாகம் பார்த்துக்கொள்கிறது. ஃபோர்டு சி4-லும் அப்படியே. டார்க்ஃப்ளைட்டில் மாடுலேட்டரே கிடையாது. இன்ஜின் எவ்வளவு இழுக்கிறது என்பது கியர்பாக்ஸுக்குத் தெரிவது இந்தக் கம்பி மூலமாக மட்டும்தான். கம்பி நகர்ந்தால் உள்ளே த்ராட்டில் வால்வு நகரும். அதை வைத்தே லைன் பிரஷர் (கியர்பாக்ஸ் ஆயிலின் அழுத்தம்) ஏறும், கியர் மாறும் நேரமும் அமையும். கம்பி இல்லையென்றால், நீங்கள் எவ்வளவு மிதித்தாலும் மிதிக்காத மாதிரியே குறைந்த பிரஷரில் கிளட்ச் பிளேட்டுகள் வேலை செய்யும்.

இது எனக்குப் பட்ட பிறகுதான் புரிந்தது. புது கார்புரேட்டரின் த்ராட்டில் லீவரில் கிரைஸ்லர் (டாட்ஜின் தாய் நிறுவனம்) கம்பிக்கு ஏற்ற 'பின்', அதாவது கம்பியை மாட்டும் சிறு முளை, இல்லை. "கழற்றியே வைங்க, கிக்டவுன் மட்டும்தான் வராது" என்று ஒரு கியர்பாக்ஸ் கடையில் சொன்னார்கள். நம்பி இரண்டு வாரம் ஓட்டினேன். 25 மைல் வேகத்துக்குள்ளேயே மூன்றாவது கியர் வழுக்கிக்கொண்டு விழுந்தது. மாறும்போது இன்ஜின் சத்தம் ஒரு நொடி மேலே ஏறி இறங்கும். டிப்ஸ்டிக்கை முகர்ந்தால் கருகிய வாடை. கியர்பாக்ஸின் அடித்தட்டை (பேன்) இறக்கியபோது அடியில் கறுப்புச் சேறு. மூன்றாவது கியரையும் ரிவர்ஸையும் பிடிக்கும் முன் கிளட்ச் பிளேட்டுகள் எரிந்துபோயிருந்தன. இந்த வகை கியர்பாக்ஸ் வைத்திருப்பவர்கள் கம்பி மாட்டாமல் தெருமுனைக்குக்கூட வண்டியை எடுக்காதீர்கள்.

பிளேட் மாற்றிய கையோடு, கம்பிக்குப் பதிலாக ஒரு கேபிள் கிட் வாங்கிப் போட்டேன். மாட்டுவது சுலபம். ஆனால் என் வண்டியில் அது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு மிகப் பக்கத்தில் போயிற்று. ஒரு கோடைக்குள் மேலுறை இளகி, உள்கம்பி திரும்பி வரும்போது சிக்க ஆரம்பித்தது. ஹெடர் (தனித்தனிப் புகைக்குழாய்கள்) போட்டு, பழைய பெல்கிராங்குக்கு (கம்பியின் அசைவைத் திருப்பிவிடும் நெம்புகோல்) இடமே இல்லாத வண்டிக்குக் கேபிள்தான் வழி. சூட்டைத் தவிர்த்துக் கொண்டுபோங்கள். இடம் இருந்தால் அசல் இரும்புக் கம்பியை விடாதீர்கள். நான் அதற்கே திரும்பினேன், கூடவே த்ராட்டில் லீவரில் மாட்டும் கிரைஸ்லர் அடாப்டரும் வாங்கினேன்.

அடாப்டர் வாங்கினால் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். த்ராட்டில் தண்டின் நடுவிலிருந்து கிக்டவுன் பின் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதில்தான் விஷயம். பழைய கார்புரேட்டரை வீசாமல் வைத்திருந்தது நல்லதாயிற்று. அதில் அந்தத் தூரத்தை வெர்னியரால் அளந்து, புதியதிலும் அதே அளவு வைத்தேன். பின் கிட்டே இருந்தால் முழு மிதியிலும் கியர்பாக்ஸ் லீவர் கடைசிவரை போகாது. தள்ளி இருந்தால் பாதியிலேயே லீவர் முட்டிக்கொள்ளும், அதற்கு மேல் த்ராட்டில் திறக்காது.

அளவு வைக்கும்போது இன்ஜின் சூடாக இருக்க வேண்டும். சோக் முழுசாகத் திறந்து, ஃபாஸ்ட் ஐடில் கேம் (குளிர் இன்ஜினைச் சற்று வேகமாக ஓடவைக்கும் பாகம்) விலகியிருக்க வேண்டும். கியர்பாக்ஸ் லீவரை முன்பக்கம் முட்டும்வரை பிடித்துக்கொண்டு, கம்பியின் ஸ்லாட்டைப் பாருங்கள்: ஸ்லாட்டின் பின்விளிம்பு பின்னை லேசாகத் தொட வேண்டும். விரலால் அசைத்தால் 'டிக்' என்ற ஆட்டம் கேட்கக் கூடாது. என் கம்பி அரை அங்குலம் குட்டையாகப் போனது; மரை வெட்டிய துண்டு ஒன்றைச் சேர்த்து நீட்டினேன். கம்பியை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங்கை மறக்காதீர்கள். த்ராட்டிலுக்கு நான் இரண்டு ஸ்பிரிங் போட்டிருக்கிறேன்; ஒன்று அறுந்தாலும் மற்றது மூடும்.

அடுத்து, மகனை உள்ளே உட்காரவைத்து மிதிக்கச் சொல்லி, டார்ச் அடித்து கார்புரேட்டருக்குள் பார்த்தேன். கையால் திருகினால் நேராக நிற்கும் பட்டர்ஃபிளை (த்ராட்டிலின் வட்டத் தகடு), மிதியால் முக்கால்வாசிதான் திறந்தது. புது மேனிஃபோல்டில் கார்புரேட்டர் உயரமாக உட்கார்ந்திருந்ததால் ஆக்சிலேட்டர் கேபிள் பிராக்கெட்டையும் உயர்த்த வேண்டியிருந்தது. இத்தனை நாள் முழு பவர் இல்லாமல் ஓட்டியிருக்கிறேன்!

மூன்றாவது கோடையில் வேறொன்று. எத்தனால் கலந்த பெட்ரோல், சூடாக நிறுத்திய வண்டியின் கார்புரேட்டருக்குள்ளேயே கொதித்து, மறுபடி ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தது. கார்புரேட்டருக்கு அடியில் அரை அங்குல ஃபினாலிக் ஸ்பேசர் (சூடு கடத்தாத பிளாஸ்டிக் தகடு) வைத்ததும் அது சரியானது. ஆனால் மறுநாளே கியர் பழையபடி சீக்கிரம், மெத்தென்று மாறியது. அரை அங்குலம் உயர்ந்தால் கம்பியின் அளவும் மாறத்தானே செய்யும்! உடனே திரும்ப அளவு வைத்தேன்.

அதிலிருந்து கியர்பாக்ஸ் சொன்னபடி கேட்கிறது. மெல்ல மிதித்தால் கியர் மாறுவது தெரியவே தெரியாது. 45 மைலில் அழுத்தினால் இரண்டாவதுக்கு இறங்கிப் பாய்கிறது. மொத்தம் 14,000 மைல் ஆயிற்று, ஆயில் இன்னும் சிவப்பாகவே இருக்கிறது. ரோட்டில் உப்புப் போடும் மாதங்களில் வண்டி ஷெட்டை விட்டு வெளியே வராது. இந்த ஏப்ரலில் எடுத்தபோது பெல்கிராங்கின் பிளாஸ்டிக் புஷ் தேய்ந்து லேசான ஆட்டம் தெரிந்தது. புது புஷ் போட்டு, கம்பியை அரைச் சுற்று திருகினேன். ஸ்லாட் மறுபடி பின்னைத் தொட்டது.